கவிழ்த்து வைத்த மங்கு

முதல் நாள், காலை

எங்கள் தாமான் குடியிருப்பின் பொதுமண்டபமான பாலாய்ராயாவில் மூன்று நாளைக்குக் கண்காட்சி. சுங்கைப்பட்டாணியைச் சுற்றி இருக்கிற ஒன்பது பேரின் ஓவியங்கள், இரண்டு பேரின் மண்பாண்டங்கள். பூப்பந்து வலை கட்டும் கம்பங்களுக்கு நடுவே நைலான் கயிறு இழுத்து, துணி கிளிப் போட்டுப் படங்களை மாட்டியிருக்கிறோம். கல்யாண விருந்துக்கு எடுக்கும் நீள மேசைகளில் சட்டி, பானை, விளக்கு. வாசலில் வருகைப் புத்தகம். அதற்குப் பக்கத்தில் உட்காருவது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு ஊர் கொடுக்கிற வேலையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்.

பத்து மணி வரை யாரும் வரவில்லை. மின்விசிறிக் காற்றில் படங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. வெளியே மூட்டம். ஜெராய் மலையின் தலை தெரியவில்லை. 1,217 மீட்டர் மலை அது. எங்கள் பக்கத்தில் வானிலை அறிக்கை கேட்கத் தேவையில்லை, அதைப் பார்த்தால் போதும். மலை மறைந்தால் மழை என்பாள் அம்மா. பால்வெட்டப் போகிறவளுக்கு மழை என்றால் சம்பளம் இல்லாத நாள்.

முதல் நாள், பிற்பகல்

ஒரே ஒரு படத்தின் முன்னால்தான் கூட்டம் நிற்கிறது. நாற்பது வருடம் லாரி ஓட்டியவர் போஸ்டர் கலரில் வரைந்தது. ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, எட்டுக் கதவு, முன்னால் வாய்க்கால், ஓரத்தில் பொதுக்குழாய், பின்னால் இரண்டு நிரை கித்தா, அதாவது ரப்பர் மரம். மரங்கள் எல்லாம் ஒரே உயரம். நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்ற கணக்கே கிடையாது. ஆனால் வந்தவர்கள் யாரும் நிறத்தைப் பற்றியோ நிழலைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கொழா இந்தப் பக்கம் இல்லண்ணே, கோயில் பக்கம்."

"அது அஞ்சாவது லயம். இது ரெண்டாவது."

"அப்ப எங்க வீடு மூணாவது கதவு."

சொன்னவரின் விரல் அந்தக் கதவைத் தொட்டது. வரைந்தவர் தடுக்கவில்லை. கதவு திறக்கும் என்று நினைத்தவர் போல விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அந்த லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். இந்த ஒரு முழத் தாளின் முன்னால் நிற்கிற பத்து நிமிடத்துக்கு அவர்கள் மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

முதல் நாள், மாலை

இரண்டாவது மேசையின் ஓரத்தில், ரப்பர் பால் பிடிக்கிற ஏழு மங்குகள். எங்கள் குயவர் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்து வந்தவை. தான் செய்த அகல்விளக்குகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "இதுவும் மண்ணுதானே சார்" என்கிறார்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அடங்குகிறது. வெளிப்புறம் சொரசொரப்பு, சுட்ட மண்ணின் நிறம். உட்புறம் மட்டும் மெருகு, கெட்டித்தேன் நிறம். சூட்சுமம் அந்த மெருகில் இருக்கிறது. பால் உறைந்து பிடித்துக்கொண்டாலும், ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. அடி சிறுத்தது, மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது. மரத்தில் கம்பி வளையத்துக்குள் உட்காரச் செய்த பொருளுக்கு மேசை பழக்கமில்லை.

பள்ளி விடுமுறையில் நான் மங்கு துடைத்திருக்கிறேன். நிரையில் எனக்கு ஒரு மரம் பின்னால் அம்மா வருவாள், கையில் உளி. நான் முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சாக்கில் போட்டு, மங்கில் கிடக்கும் கட்டியை உரித்து, கட்டைவிரலால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்து, நிமிர்த்தி வைக்க வேண்டும். அவள் வெட்டுக்கோட்டில் சன்னமாக ஒரு பட்டை சீவுவாள். கை ஆழம் போனால் மரம் புண்ணாகும். மேலோடு நின்றால் பால் வராது. அவள் கைக்கு அந்தக் கனம் தெரியும். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கின் வட்டத்துக்குள், வெள்ளைக் கோடு ஒன்று சரிந்து வந்து மங்குக்குள் சொட்டும். முதல் சொட்டுக்கு ஒரு சத்தம் உண்டு. இரண்டாவது சொட்டுக்கு அது இருக்காது.

முதல் நாள், இரவு

மங்கு என்பது மலாய்ச் சொல்லான மங்கோக். கிண்ணம் என்று பொருள். 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1877இல். அதற்குப் பிறகு தோட்டங்கள் பெருகப் பெருக, மரத்துக்கு ஒரு மங்கு வேண்டியிருந்தது. சிங்கப்பூர் ஜூரோங் பக்கத்தில் சீனக் குயவர்கள் மேட்டுச் சரிவில் நீளமாகக் கட்டிய நாகச் சூளைகளில் அவற்றைச் சுட்டார்கள். அடியில் மூட்டிய நெருப்பு சரிவைப் பிடித்துக்கொண்டு தானே மேலேறும். வாலில் புகையாக வெளியேறும். 1940இல் கட்டிய தாவ் குவாங் சூளை இன்னும் அங்கே நிற்கிறது. மங்குக்குத் தேவை போன பிறகு பூந்தொட்டியும் கலைப்பொருளும் சுடப் பழகிக்கொண்டது.

சுட்டவர் தியோச்சூவோ ஹொக்கியனோ பேசியிருப்பார். துடைத்தவள் தமிழ் பேசினாள். இருவருக்கும் நடுவில் இருந்த பொருளுக்கு மலாயில் பெயர். சுட்டவரும் துடைத்தவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

பால் ஷீட்டாகிப் புகையில் காய்ந்தது. கப்பலேறிப் போய் டயராகி, ஏதோ ஒரு நாட்டுச் சாலையில் தேய்ந்து தூளாகிவிட்டது. மங்கு மட்டும் எங்கள் பாலாய்ராயா மேசையில் ஆடிக்கொண்டு இருக்கிறது.

இரண்டாம் நாள், அதிகாலை

கண்காட்சி பத்து மணிக்குத்தான் திறக்கும். பழைய மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை பத்து வரை போய்வந்தேன். பீடோங்கிலிருந்து மெர்போக் போகிற வழி. இரண்டு பக்கமும் செம்பனை. நடுவில் கூரை போட்ட அகழாய்வுக் குழிகள். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் இங்கே தோண்டினார்கள். செங்கல் மேடைகள், படகுத்துறைச் சுவர்கள், இரும்பு உருக்கிய உலைகளின் தடங்கள் வெளிவந்தன. காலக்கணிப்பில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓயவில்லை. ஆயிரம் ஆண்டைத் தாண்டியது என்பதில் மட்டும் வழக்கு இல்லை.

என்னை எப்போதும் நிறுத்துவது துருத்திக் குழாய்கள். உலைக்குள் காற்று ஊதுவதற்கான மண் குழல்கள். ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்திருக்கின்றன. ஒரு முனை வெறும் சுட்ட மண். நெருப்புக்குள் இருந்த முனை உருகி, கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளக்கும்; இரும்புக் கசடு அதில் அப்பியிருக்கும். அப்படி உருகிய குழல் மறுபடி உதவாது. உடைத்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிசைய வேண்டும். ஆகவே இரும்புக் கொல்லனுக்குப் பக்கத்திலேயே, அவனைவிட அதிக எண்ணிக்கையில், மண் பிசைகிறவர்கள் இருந்திருக்க வேண்டும்.

உருக்கிய இரும்பு கப்பலேறிப் போனது. எந்த ஊரில் வாளானது, எங்கே ஏர்க்கொழு ஆனது, எங்கே துருவானது என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கிப் போட்ட குழல்கள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன.

நேற்றிரவு மங்கைப் பற்றி எழுதியதையே வேறு மண்ணில் மறுபடி எழுதுகிறேன் என்று தோன்றியது. நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டாம் நாள், காலை

வழியில் மெர்போக் அருங்காட்சியகத்தையும் நினைத்துக்கொண்டேன். பல முறை பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். 1936, 37இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டினார்கள். புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலைப் பின்னர் அலஸ்டர் லாம்ப் கல் கல்லாக எடுத்துக் கட்டினார். அதன் அடிவாரத்தில் 1980இல் அருங்காட்சியகம் வந்தது. ஓடைச் சத்தத்தோடு படியேறினால் சண்டிக்குப் போகலாம், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். நான் கீழே ஓடுகளோடு நிற்பேன். பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், மணிகள்.

கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு 1025ஆம் ஆண்டும், ராஜேந்திர சோழனும், கப்பலும் யானையும் நினைவுக்கு வரும். நானும் வகுப்பில் குரலை உயர்த்தித்தான் அந்தப் பாடத்தை நடத்துவேன். ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்: "சார், கடாரம்னா என்ன அர்த்தம்?" ஊர்ப்பெயருக்கு அர்த்தம் தேடுகிற பழக்கம் எனக்கில்லை. அகராதியைப் புரட்டினேன். கடாரம் என்றால் கொப்பரை. வடமொழியில் இந்த ஊருக்கு வழங்கிய கடாஹம் என்ற சொல்லுக்கும் அகன்ற பாத்திரம் என்றுதான் பொருள். ஊருக்குப் பாத்திரத்தின் பெயர் வந்ததா, வேறு ஏதோ பெயரைக் கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாத்திரத்தின் பெயராக்கிக்கொண்டார்களா என்பதைச் சொல்லறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். சோழன் வென்றது ஒரு பாத்திரத்தை என்று பையன் நோட்டில் எழுதி வைத்தான். நான் அதைத் திருத்தவில்லை.

இரண்டாம் நாள், பிற்பகல்

லாரிக்காரர் என் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். அகல்விளக்குகள் விற்கின்றன, படம் ஒன்றும் விற்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தமில்லை. வேறொன்று கேட்டார்.

"நம்மாளுங்கள்ல பேர் வாங்குன ஓவியர்னு யாராச்சும் இருக்காங்களா சார்?"

சையது தாஜுதீனைப் பற்றிச் சொன்னேன். 1943இல் இராமநாதபுரத்துக் கடலோரம் அழகன்குளத்தில் பிறந்தவர். சிறுவனாகப் பினாங்கு வந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். இராமாயணத்தைப் பெருந்திரையில் தீட்டினார். அந்தக் கல்லூரியின் வேர் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. அங்கே படம் வரையவும் கற்றுக் கொடுத்தார்கள், மண்பாண்டம் செய்யவும் கற்றுக் கொடுத்தார்கள். நம் பாலாய்ராயா மாதிரி, இரண்டும் ஒரே கூரையின் கீழ்.

அழகன்குளம் என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர் அது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் தோண்டத் தொடங்கிய இடம். ரோம நாட்டோடு வணிகம் நடந்த காலத்துப் பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் பாய்மரக் கப்பல் ஒன்று கீறப்பட்டிருக்கிறது. பானையை வனைந்தவர் ஒருவர். கூரான எதையோ எடுத்து அதன்மேல் கப்பலைக் கீறியவர் இன்னொருவராக இருக்கலாம். குயவரும் ஓவியரும் சேர்ந்து வைத்த கண்காட்சி, ஒரு ஓட்டுத் துண்டின் அளவில்.

லாரிக்காரர் யோசித்தார்.

"கப்பல வரைஞ்சவன் கப்பல்லயே வேல பாத்தவனா இருப்பான் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கும் லாரின்னா எங்க நட்டு, எங்க போல்ட்டுன்னு கை தானா போவுதே. மரம்தான் வரமாட்டேங்குது."

இரண்டாம் நாள், மாலை

எங்கள் குயவரின் மூதாதையர் கோலசிலாங்கூர்ப் பக்கம். அங்கே தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் சக்கரம் சுற்றுகின்றன. பொங்கலுக்குப் பானை வனைகின்றன. இவர் கல்யாணம் பண்ணி வடக்கே வந்தவர். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையை ஈரம் கொஞ்சம் வற்றவிட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். உள்ளே ஒரு கல், வெளியே தட்டுப்பலகை. தட்டத் தட்டத் தடித்த அடிப்பாகம் மெலிந்து, வட்டமாகி, மூடிக்கொள்கிறது. தட்டுகிற கையைவிட உள்ளே கல்லைப் பிடித்திருக்கிற கைதான் முக்கியம் என்கிறார். அது வெளியே தெரியாது.

பக்கத்து மேசையில் மலாய் அம்மா ஒருவர், மாக்சிக் என்போம். பேராக்கின் கோலகங்சாரில் லாபு சாயோங் செய்யப் பழகியவர். சுரைக்காய் வடிவத்தில் தண்ணீர்க் கூஜா. கரிய நிறம் எப்படி வருகிறது என்று கேட்டேன். சாயம் எதுவும் இல்லை. நெருப்பிலிருந்து எடுத்த சூட்டோடு உமிக்குள் புதைத்துவிட்டால் போதும். உமி புகைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். "கெடாவில் உமிக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். நாட்டின் நெற்களஞ்சியத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

எங்கள் குயவர் அந்தக் கூஜாவை எடுத்து விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். மாக்சிக் அவருடைய பானையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இருவரும் தலையாட்டினார்கள். வேறு பேச்சு நடக்கவில்லை.

இரண்டாம் நாள், இரவு

தமிழர் வீட்டில் மண்பாண்டத்தை வைத்துக் காப்பாற்றுகிற பழக்கம் இல்லை. பொங்கல் பானை மறு வருடத்துக்கு ஆகாது. அப்பாவின் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து நான் சுற்றினேன். சுற்றுக்கு ஒரு பொத்தல். நீர் முதுகில் வழிந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள். நடந்தேன். கோலமும் அப்படித்தான். அம்மா விடியுமுன் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் முதல் நாள் இரவே போட்டுவிடுவாள். மறுநாள் வேலை முடிந்து வருவதற்குள் கோழிகள் பாதியைக் கிளறியிருக்கும். அவள் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

உடைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை மண்வாரி இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளினார்கள், நிலத்தைச் சமன்செய்ய. செய்தி வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 'சோழன் வென்ற கடாரம்' எழுதிய வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் பலருக்கு அங்கே ஒன்று இருந்தது என்பதே தெரிந்தது. குடத்தை உடைக்கும்போது யார் போனார் என்று ஊருக்கே தெரியும். அங்கே அது தெரியவில்லை.

மூன்றாம் நாள், காலை

மேசைகளில் அட்டைகள் முளைத்திருக்கின்றன. தொடாதீர்கள் என்று மூன்று மொழியில். நேற்று ஒரு குழந்தை விளக்கு ஒன்றைக் கீழே போட்டதால் செயற்குழு எடுத்த முடிவு. மங்குகளுக்கு முன்னாலும் ஒன்று நிற்கிறது.

பதினொரு மணிக்கு ஒரு பாட்டியைப் பேத்தி கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். எண்பது இருக்கும். வருகைப் புத்தகத்தில் பேத்தி எழுத, பாட்டி படங்களைப் பார்க்காமல் நேராக இரண்டாவது மேசைக்குப் போனார். அட்டையைச் சுட்டிக்காட்டினார்.

"என்ன தம்பி எழுதிருக்கு?"

"தொடாதீங்கன்னு போட்டிருக்கும்மா."

"எதத் தொடக்கூடாது?"

நான் பதில் சொல்லவில்லை. மங்கைக் காட்டினேன்.

"ஒரு நாளைக்கி நானூறு மங்கு தொட்டவ நானு."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்துவிட்டார். இடது கையில் மங்கு உட்கார்ந்த விதத்தில் யோசனை எதுவும் இல்லை. வலது கட்டைவிரல் தானாக உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கடையில் கழுவித்தான் கொடுத்தார்கள். ஆனாலும் விரலை வெளியே எடுத்ததும் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பேத்தி கைப்பேசியில் அதைப் படம் பிடித்தாள். அந்தப் பெண் மங்கை இதற்குமுன் பார்த்ததில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பாட்டி வாசலைப் பார்த்தார். மலை இருந்த திசை. இன்றும் தலை தெரியவில்லை.

"மழ வரும்போல இருக்கு தம்பி. நிமித்தி வச்சிருக்கீங்க. கவுத்து வைங்க, தண்ணி நெறஞ்சிரும்."

கையிலிருந்ததைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். பிறகு லயத்துப் படத்தைப் பார்க்கப் போனார்.

மூன்றாம் நாள், இரவு

மழை நாலு மணிக்கு வந்தது. துத்தநாகக் கூரையில் அடித்த அடியில் நன்றியுரை யாருக்கும் கேட்கவில்லை. லாரிக்காரரின் படம் கடைசி நேரத்தில் விற்றது. மூன்றாவது கதவுக்காரர் வாங்கினார். என்ன விலை என்று இருவரும் என்னிடம் சொல்லவில்லை. மாக்சிக் ஒரு கூஜாவை எங்கள் குயவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பொங்கல் பானையை வைக்கோல் சுற்றி எடுத்துப் போனார்.

சாவி என்னிடம். மேசைகளை நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது மேசையில் ஆறு மங்குகள் நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து. கவிழ்ந்தது ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது. வாய் அகலம், அடியைவிட நன்றாக நிற்கிறது. கூரை ஒழுகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்த மேசையில் விழப்போவதில்லை.

மற்ற ஆறையும் கவிழ்த்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.